‘தெமள எக’ எப்போதும் கடைசியில்தான் வரும்

மாலை நான்கு மணிக்குப் பிறகு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்கும். “அக்கே, தெமள எகத் கரமுத?” தமிழையும் செய்துவிடுவோமா என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். ‘தெமள எக’ என்றால் ‘தமிழ் ஒன்று’. சிங்களம் நேற்றே ஒலிப்பதிவாகி, விளம்பரம் கொடுத்தவர் கேட்டுத் திருத்தி, சரி சொல்லியிருப்பார். ஆங்கிலமும் முடிந்திருக்கும். நாளைக் காலைச் செய்திக்கு முன்னால் மூன்றும் ஒலிபரப்பாக வேண்டும். ஆகவே நான் இன்றிரவே மொழிபெயர்த்து, இன்றிரவே ராஜகிரியவிலோ நுகேகொடையிலோ இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பேசிக் கொடுத்துவிட்டு, அப்புறம் வெள்ளவத்தைக்குத் திரும்பி வர வேண்டும்.

22 வருடமாகத் தமிழ்க் குரல் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விளம்பரம், ஆவணப்படம், அரசாங்க அறிவித்தல், சிறுவர் கார்ட்டூன், வங்கிக்குத் தொலைபேசி எடுத்தால் ‘தமிழுக்கு இலக்கம் மூன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் குரல், எல்லாம் செய்திருக்கிறேன். நடுவில் சில வருடம் நாடகங்களுக்கு மேடை நிர்வாகமும் பார்த்தேன். இந்தத் தொழில் மீது எனக்கு உயிர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கொழும்பின் கலைத் துறையில் இப்போது பன்முகத்தன்மை என்ற சொல் அதிகம் அடிபடுகிறது. விழா அழைப்பிதழ்கள் மூன்று மொழியில் வருகின்றன. கலந்துரையாடல் என்றால் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் மேடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அழைப்பிதழின் தமிழை யார் எழுதினார், எத்தனை மணிக்கு எழுதினார், எவ்வளவு காசுக்கு எழுதினார், அந்தக் காசு எப்போது அவர் கைக்கு வந்தது என்று அந்த மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் ஒரு விளம்பரத்தின் 30 வினாடியைப் பற்றிச் சொல்கிறேன்.

தொலைக்காட்சி விளம்பரத்தில் படம் ஏற்கெனவே சிங்களப் பேச்சுக்கு ஏற்றபடி வெட்டப்பட்டிருக்கும். நாங்கள் அந்த அளவுக்குள் தமிழை வைக்க வேண்டும். சிங்களத்தில் “ஒபே லங்கம ஷாக்காவட்ட என்ன” என்று ஒரு வரி. சொல்லிப் பார்த்தால் 11 ஒலித்துண்டு. அதே வரி தமிழில் “உங்களுக்கு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள்” என்று வரும். 15 துண்டு. ஒரு வரியிலேயே நான்கு கூடிவிட்டது. இப்படி ஏழு எட்டு வரி. படத்தை நீட்ட மாட்டார்கள். ஆகவே என் மூச்சை வெட்டுவார்கள். உண்மையாகவே வெட்டுவார்கள்: ஒலிப்பதிவு செய்பவர் திரையில் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவிலுள்ள மூச்சின் இடத்தைத் தெரிவு செய்து அழித்துவிடுவார். எங்கள் வானொலிகளிலும் தொலைக்காட்சிகளிலும் தமிழ் விளம்பரம் யாரோ துரத்துவதுபோல ஒலிப்பது அதனால்தான். பேசியவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. படத்தை வெட்டியபோது அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கவில்லை, அவ்வளவுதான். 

சரி, “பக்கத்துக் கிளைக்கு வாங்க” என்று சுருக்கலாமே? எட்டுத் துண்டுதான், மூச்சு விடக்கூட இடம் கிடைக்கும். அங்கேதான் அடுத்த சிக்கல். ‘வாங்க’ என்று சொன்னால் இந்தியத் தமிழ்போல இருக்கிறது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘வாங்கோ’. கொழும்பிலும் மலையகத்திலும் ‘வாங்க’ என்றுதான் பேசுகிறோம், ஆனால் அது விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியாது. அவர் தன் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தமிழரைக் கூப்பிட்டு “இது சரியா?” என்று கேட்பார். பாவம், அந்த மனிதருக்குத் தன் மேலதிகாரி முன்னால் ஏதாவது ஒரு பிழை கண்டுபிடித்தாக வேண்டும். கடைசியில் ‘வருகை தாருங்கள்’ என்று முடியும். மறுபடியும் மூச்சை வெட்டுவார்கள்.

2017 என்று நினைக்கிறேன். ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் காசு வாங்கப் போயிருந்தேன். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை, அந்த நேரம் பல இடங்களில் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய வவுச்சர் தாளில் வழக்கமாக என் வரி மட்டும் இருக்கும். அன்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை முழுத் தாளையும் தந்துவிட்டார். எனக்கு மேலே உள்ள வரியில் சிங்களக் குரல் கொடுத்தவரின் பெயரும் தொகையும் இருந்தன. அவருக்கு 12,000 ரூபா. எனக்கு 5,000. என் வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘மொழிபெயர்ப்பு உட்பட’ என்று எழுதியிருந்தது.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வாடகை கொடுக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கணக்காளரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கேலி செய்யவுமில்லை. மிகவும் சாதாரணமாக, “தமிழ் பார்க்கிறவங்க குறைவுதானே மிஸ்” என்றார்.

குறைவா? 2001 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கொழும்பு மாநகர எல்லைக்குள் சிங்களவர் சுமார் 41%, இலங்கைத் தமிழர் 29%, சோனகர் என்று பதியப்படும் முஸ்லிம்கள் 24%. இந்தியத் தமிழர் என்று தனியாகக் கணக்கிடப்பட்டவர்கள் இன்னொரு 2%. சோனகர் பலரின் வீட்டில் பேசப்படுவது தமிழ். இந்த மாநகரத்தில் எவருமே தனியாகப் பாதி இல்லை. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாளிகாவத்தையிலும் வெள்ளவத்தையிலும் ஒரு நாள் நடந்து பார்த்தால் கணக்கெடுப்பே தேவையில்லை. அதைவிட, நான் சிங்களக் குரலைவிடக் குறைவாகப் பேசவில்லையே. அதே 30 வினாடி, அதே மைக், அதே நான்கு டேக். மேலதிகமாக மொழிபெயர்ப்பும் என்னுடையது.

அந்தச் சிங்களக் குரல்காரி எனக்குத் தெரிந்தவர். பல வருடப் பழக்கம், என் மகளின் பிறந்தநாளுக்கெல்லாம் வந்திருக்கிறார். ஒரு கிழமை யோசித்துவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் இருவரும் அத்தனை வருடம் ஒரே கண்ணாடி அறைக்குள் மாறி மாறி நின்று பேசியிருக்கிறோம், வெளியே ஒரே பிளாஸ்கில் பிளேன்டீ குடித்திருக்கிறோம், ஆனால் யாருக்கு எவ்வளவு என்று ஒருநாளும் பேசியதில்லை. காசைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்று எங்கள் இரண்டு பேரின் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அடுத்த முறை அதே இடத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவர், “அவளுக்கும் இதே தொகை என்றால் வருகிறேன்” என்று சொன்னார். கொடுத்தார்கள். எந்தத் தகராறும் நடக்கவில்லை. கேட்டதும் கொடுக்க முடிந்த காசு அது என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு எரிகிறது.

குறைந்த காசு ஒரு பக்கம். தாமதமான காசு இன்னொரு பக்கம், அதுதான் ஆட்களை விரட்டுகிறது. வேலை முடிந்து 60 நாள், 90 நாள். இன்வொய்ஸ் அனுப்பினால் விளம்பர நிறுவனம் தன் வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் வரவில்லை என்கிறது. தயாரிப்பாளர் விளம்பர நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். என் வீட்டில் கணவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. ஆகவே நான் காத்திருந்தேன், தாக்குப்பிடித்தேன். அப்படி ஒரு சம்பளம் வீட்டில் இல்லாதவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். நாடகங்களுக்கு ஒளியமைப்பில் உதவி, பகலில் ஸ்டூடியோவில் கேபிள் சுற்றுவது, ஆமர் வீதிப் பக்கம் நான்கு பேரோடு ஓர் அறை. கை சுத்தம், கண் அதைவிடச் சுத்தம். மேடையில் ஒரு முகத்தின் எந்தப் பக்கத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று அவனுக்குப் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. அவனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நாளை நான் மறைக்க முடியாது.

தோட்டத் தொழிலாளர்களின் சுகாதாரம் பற்றி ஒரு வானொலித் தொடர். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பேசுவதுபோல என்னைப் பேசச் சொன்னார்கள். என் அப்பா அம்மா வடமராட்சி, நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனை. மலையகத்தில் ஒரு இரவு தங்கியதில்லை. “கொஞ்சம் தோட்டத் தமிழில பேசுங்க” என்றார் இயக்குநர். நானும் எங்கோ கேட்ட ஓசையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கேபிளைக் கையில் சுற்றியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. முடிந்து வெளியே வந்ததும், “அக்கா, எங்க பக்கம் அப்படிப் பேச மாட்டாங்க” என்றான், மிகவும் மெதுவாக. அடுத்த தொடருக்கு அவன் அம்மாவைப் போன்ற ஒருவரைக் கூட்டிவந்து பேச வைக்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் மூன்று இடத்திலிருந்து அவனுக்குக் காசு வர வேண்டியிருந்தது. அறை வாடகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி. அவன் இப்போது டோஹாவில் ஒரு ஹோட்டலில் மண்டப விளக்குகளைப் பார்க்கிறான். மாதம் முடியுமுன்னமே சம்பளம் வந்துவிடுகிறதாம்.

மாளிகாவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி, ஒலித்தொகுப்பு செய்பவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் காதாலேயே வெட்டத் தெரிந்தவர் அவரைத் தவிர வேறு யாரையும் நான் கண்டதில்லை. ஒரு மெய்யெழுத்தின் வால் அறுந்துபோகாமல் மூச்சை மட்டும் எடுப்பார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எல்லாம் மாறியது. ஏப்ரல் கடைசியில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவதைத் தடை செய்தார்கள். அவர் முகம் மூடுகிறவரே இல்லை, அபாயாவும் தலையில் ஒரு முந்தானையும்தான். ஆனாலும் கட்டட வாசலில் ஒவ்வொரு நாளும் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும், மற்றவர்கள் அப்படியே உள்ளே போவார்கள். யாரும் அவரை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் வீட்டிலிருந்து செய்தார். இரவு வேலைக்கு வர முடியாது என்றார். இரவில்தானே எங்கள் வேலை வரும். ‘தெமள எக’ மாலை நான்கு மணிக்குப் பிறகுதானே வருகிறது. அப்படியே விட்டுப் போனது.

இரவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் நாடக ஒத்திகை என்றால் மாலை ஆறரைக்குத்தான் தொடங்கும், ஏனென்றால் நடிக்கிற எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. எட்டரை ஆனதும் பெண் பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள். காலி வீதியில் 100-ஆம் இலக்க பஸ் கிடைக்கும், பரவாயில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் போக வேண்டியவர்கள் 176-ஐப் பிடிக்க வேண்டும், தவறினால் ஓட்டோ. ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு அந்த நாடகத்தில் அவர்களுக்குக் கிடைக்கப்போவதைவிடக் கூட. ஆகவே பெண் பாத்திரங்களின் காட்சிகளை முதலில் ஒத்திகை பார்த்து அனுப்பிவிடுவோம். முழுக் காட்சியையும் எல்லோரும் சேர்ந்து ஓடிப் பார்ப்பது மேடையேற்றத்துக்கு முதல் நாள்தான். பெண் பாத்திரங்கள் மெலிந்து போவதற்கு எழுதுகிறவர்கள் மட்டும் காரணம் என்று இனிமேல் யாராவது சொன்னால் அந்த பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போக நான் தயார்.

இந்த நகரத்தில் எங்களுக்கு எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றில்லை. 1925-இல் கொழும்பு வானொலி தொடங்கியது. 1950-இல் வர்த்தக சேவை வந்த பிறகு அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் கடல் தாண்டிப் போய்த் தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்தது. பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா. அந்தத் தமிழ் மொழிபெயர்ப்புத் தமிழ் இல்லை, வேறொன்றின் பின்னால் ஓடிய தமிழும் இல்லை. தமிழில் யோசித்து, தமிழில் எழுதி, தமிழில் பேசியது. 1970களில் இங்கேயே தமிழ்ப் படங்கள் எடுத்தார்கள். தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் 1977-இல் ‘பொன்மணி’யை யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்தார். 

அப்புறம் 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான வன்முறை. ஹெந்தளையிலிருந்த, படத் தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். எரிந்தது கட்டடமும் படச்சுருளும் மட்டுமா? ஒளி பிடிக்க, ஒலி சேர்க்க, படம் வெட்ட, ஒப்பனை போடத் தெரிந்த தமிழர்கள் கப்பலேறினார்கள், விமானம் ஏறினார்கள். ஒரு தொழிலின் கைப்பழக்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பக்கத்தில் நின்றுதான் போகும். நடுவில் ஒரு தலைமுறை இல்லையென்றால் எட்டிப் பிடிக்க ஆளில்லை. யுத்த காலத்தில் இரவு ஒலிப்பதிவு முடிந்து வரும்போது அடையாள அட்டையோடு ஸ்டூடியோ தந்த கடிதத்தையும் கையில் வைத்திருப்பேன், சோதனைச் சாவடியில் இரண்டையும் காட்ட வேண்டும். 2007 ஜூன் 7-ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனால் வடக்கிலிருந்து வாசிக்கவும் நடிக்கவும் வருகிறவர்கள் தங்குவது அதே லொட்ஜ்களில்தான். வெகுகாலம் அழைத்தால் தயங்கினார்கள். இன்று ‘தமிழ்ப் பக்கத்துக்கு ஆள் கிடைப்பதில்லை’ என்று சொல்கிறவர்கள் அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ் விழாக்களில் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், நினைவுச் சின்னம் கொடுப்பார்கள். என் அலுமாரியில் 17 பொன்னாடை இருக்கிறது. ஒவ்வொன்றையும் அன்போடுதான் போர்த்தினார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் மண்டபத்துக்குக் காசு கொடுத்திருப்பார்கள், சாப்பாட்டுக்குக் கொடுத்திருப்பார்கள், ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம் கொடுத்திருப்பார்கள். இரண்டு மணித்தியாலம் நின்று நிகழ்ச்சியைத் தொகுத்தவருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்து மிருதங்கம் வாசித்தவருக்கும் ‘கலைச் சேவை’ என்று சொல்லிக் கைகூப்புவார்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மா இருந்தார். 14 வயதில் வானொலி நாடகத்தில் நடிக்கத் தொடங்கியவர். 70 வயதிலும் குழந்தைக் குரலில் பேசுவார், கேட்டால் நம்ப மாட்டீர்கள். 2022-இல் மருந்து விலை ஏறியபோது அவரிடம் இருந்தது கைநிறையப் பட்டயங்கள். ஓய்வுக்காலத்துக்கென்று சேரும் சேமலாப நிதியில் ஒரு சதம் இல்லை.

சேமலாப நிதி என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8%, முதலாளி தன் கையிலிருந்து 12%. 1980-இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3%. நிரந்தர வேலையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தற்காலிகமாகவோ, நாட்கூலியாகவோ, துண்டு வேலையாகவோ செய்தாலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உரித்து உண்டு. ஆகவே எங்களை ஊழியர் என்று கூப்பிடுவதில்லை. நாங்கள் ‘சேவை வழங்குநர்’. அதே ஸ்டூடியோவில், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் மைக்கில், அவர்கள் சொல்லும்படி பேசிவிட்டு, மாதத்தில் 15 நாள் அங்கேயே இருந்துவிட்டு, தாளில் மட்டும் வெளியாள். 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபாவாக உயர்த்தினார்கள். எங்களுக்கு அது ஒரு செய்தி, நானே தமிழில் வாசித்த செய்தி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வேலை வீட்டுக்குள் வந்தது. ரயில் பாதையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி என் வீடு. கரையோர ரயில் போனால் ஜன்னல் அதிரும். அது ஓடாத நாட்களில் காகங்கள் பேசும். நான் அலுமாரியைத் திறந்து, நூல் சேலைகளை முன்னால் இழுத்துவிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒலிப்பதிவு செய்தேன். பொன்னாடைகள் உதவவில்லை, அந்தத் துணி வழுவழுப்பு, ஓசையைத் திருப்பி அடிக்கும். மின்விசிறியைப் போட முடியாது, இரைச்சல் வரும். வியர்வை பிரதியில் சொட்டும். ஊரடங்கு முடிந்த பிறகும் ‘வீட்டிலேயே பேசி அனுப்பிவிடுங்கள்’ என்பது நிலைத்துவிட்டது. மைக் என்னுடையது, கணினி என்னுடையது, மின்சாரம் என்னுடையது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அந்த ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75% ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66%. எனக்குத் தரும் தொகை ஏறவில்லை. ஸ்டூடியோ வாடகை மிச்சம் என்பதால் குறைக்கக் கேட்டார்கள். இப்போது சிலர் கணினியே பேசிய தமிழை அனுப்பி, ‘பிழையை மட்டும் திருத்தித் தாங்க’ என்கிறார்கள். அந்தக் குரலுக்கு மூச்சே இல்லை, வெட்டுகிற வேலை மிச்சம். அதில் ஹட்டனும் இல்லை, கல்முனையும் இல்லை, கொட்டாஞ்சேனையும் இல்லை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு தடவை செய்தோம். சிங்கள இயக்குநர் ஒருவர், என்னைவிட வயதில் சின்னவர், இரண்டு மொழியிலும் ஒரு நாடகம் போட நினைத்தார். பிரதி அரைவாசி எழுதியிருந்தபோதே என்னைக் கூப்பிட்டார். முதல் நாள் வாசிப்பில் தமிழ் நடிகர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தாய் தன் மகனிடம் பேசும் இடம். சிங்களத்தில் நான்கு வரி. நான் தமிழில் “சாப்பிட்டியா?” என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர் அதன் பொருளைக் கேட்டார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு பென்சிலை எடுத்துச் சிங்களத்தில் மூன்று வரியை அடித்துவிட்டார். 22 வருடத்தில் என் தமிழுக்காகச் சிங்களம் சுருங்கியது அந்த ஒரே முறை.

ஒத்திகை முடிந்ததும் ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தார். பெண்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போகும். செலவுத் திட்டத்தில் முதல் வரியே அந்த வேன்தான். எல்லோருடைய தொகையும் ஒரே தாளில், சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு மொழிக்கும் ஒரே தொகை. பெரிய காசு இல்லை. ஆனால் கடைசிக் காட்சி முடிந்து 30 நாளுக்குள் வந்தது. மூன்று மாதத்தில் ஒருவர்கூட நடுவில் விட்டுப் போகவில்லை. கடைசிக் கிழமை முழு நாடகத்தையும் தினமும் ஓடிப் பார்த்தோம், எல்லாப் பெண்களோடும்.

போன மாதம் ஒரு பெரிய கலை நிகழ்வின் பதாகையைப் பார்த்தேன். மூன்று மொழி. தமிழில் ‘கொழும்பு’ என்ற சொல்லில் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து கிடந்தன. பழைய மென்பொருளில் ஒட்டினால் அப்படி ஆகும். அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவருக்கு அனுப்பியிருந்தால் இரண்டு நிமிட வேலை. எங்கள் நகரத்தின் பெயர் அது.

நேற்று கல்முனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை ஸ்டூடியோவில் இருந்தாள். 23 வயதிருக்கும். முதல் விளம்பரம். அவளுடைய தமிழ் என்னுடையதைப் போல இல்லை, வார்த்தைகளின் கடைசியை அவள் மெல்ல இழுத்துவிடுவாள், கேட்க அவ்வளவு இதம். திருத்தச் சொன்னார்கள். “அப்படியே இருக்கட்டும், அதுவும் இந்த நாட்டுத் தமிழ்தான்” என்றேன். விட்டுவிட்டார்கள். மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது.

வெளியே வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அக்கா, பிழையா நினைக்காதீங்க... எவ்வளவு கேக்கலாம்?”

நான் வாங்கும் தொகையைச் சொன்னேன். சிங்களக் குரலுக்குக் கொடுப்பதையும் சொன்னேன். மொழிபெயர்ப்புக்குத் தனி என்று சொன்னேன். இரவு எட்டுக்குப் பிறகு என்றால் வாகனம் அவர்கள் செலவு, காசு 30 நாளுக்குள், அதை வட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டுதான் மைக் முன்னால் போக வேண்டும் என்றும் சொன்னேன். அவள் பிரதியைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, “இதை என்ட கூட்டாளிக்கும் சொல்லலாமா? அவ சூரியகாந்தி எண்ணெய் விளம்பரத்துக்கு நாளைக்குப் போறா” என்று கேட்டாள்.

“இப்பவே எடுத்துச் சொல்லு” என்றேன்.